பெட்டியோடு வந்த மாப்பிள்ளைப் பையன்

என் மகளைப் பெண் பார்க்க இரண்டாவது முறை வந்தபோது அந்தப் பையன் பூ கொண்டுவரவில்லை. ஸ்வீட் கொண்டுவரவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதற்கு டாக் என்று பெயராம். கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஸ்பீக்கருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்குமாம். அந்த வேலையை லேப்டாப்பே செய்யும், ஆனால் இது இன்னும் நன்றாகச் செய்யும் என்பது பையனின் கட்சி. அவனுடைய அம்மா கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம் இருந்தது. அதனால் தெருவில் எங்கள் மானம் தப்பியது.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்கு மேலே. கீழே மூட்டையைப் பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். பெண் பார்க்க வருகிறவர்களும் தும்முவார்கள். சகுனம் பார்க்கிற ஆட்களாக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. அதனால் குடோன் பூட்டிக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் யாரையும் வரச்சொல்வேன். அப்படியும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின, ஒன்றும் தகையவில்லை. அதற்குக் காரணம் சுக்கு இல்லை. என் மகளின் வாய்.

அவள் காக்கநாட்டில் ஐ.டி. பார்க்கில் வேலை செய்கிறாள். தினமும் படகும் பஸ்ஸும் மாறிப் போகிறாள். வேலை டெஸ்டிங். அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் சம்பளம் இல்லாமலே செய்கிறாள்.

ஒரு வரன் வந்தது. பையனின் அக்கா ஒரு டப்பா அல்வாவை நீட்டி, "வீட்டுல நானே கிண்டினது" என்றாள். என் மகள் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "இது எங்க தெருமுனைக் கடை அல்வா. டப்பாவும் அவங்களோடதுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். இன்னொரு பையன் தினமும் படுக்கும் முன் புத்தகம் படிப்பேன் என்றான். கடைசியாகப் படித்தது என்ன என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் சாயா குடிக்காமலே போய்விட்டான்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கு அவள் மேல் எரிச்சல் வராத நாள் இல்லை, அவளை நினைத்துக் கவலைப்படாத நாளும் இல்லை. நானும் அவள் அப்பாவும் போன பிறகு இவள் யாரிடம் தப்புக் கண்டுபிடிப்பாள் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தப் பையனும் காக்கநாட்டில்தான் வேலை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே ஃபிளாட் வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பம். அப்பா இல்லை, அம்மா மட்டும். முதல் முறை வந்தபோது அவன் என் மகளைப் பார்த்ததைவிட அவளுடைய ஸ்பீக்கர்களைத்தான் அதிகம் பார்த்தான். அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஜோடி ஸ்பீக்கர். பவர்டு ஸ்பீக்கர் என்பார்கள், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, கரண்டில் செருகினால் போதும். ஹாலில் பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"நல்ல ஸ்பீக்கராக்கும்," என்றான் பையன். "ஆனா லேப்டாப்ல இருந்து நேரா கொடுத்தா இதோட குணம் முழுசா வெளிய வராது. நல்லதொரு டாக் வேணும்."

"வேண்டாம்னு தோணுது," என்றாள் என் மகள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் பையன் சிரித்தான். அடுத்த தடவை வரும்போது கொண்டுவந்து காட்டுகிறேன் என்றான். அடுத்த தடவை என்று அவன் வாயாலேயே சொன்னது எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அவர்கள் போனதும் மகளிடம், "எப்படிடி?" என்று கேட்டேன். "மோசமில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து மோசமில்லை என்ற வார்த்தை அதுவரை எந்த மனிதனைப் பற்றியும் வந்ததில்லை. நான் உள்ளே போய் சாமிக்கு விளக்கேற்றினேன்.

அவர்கள் இரண்டாவது முறை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னேன். "இன்னைக்கு ஒரே ஒரு நாள் அந்த வாயைக் கொஞ்சம் அடக்கி வை. அவன் பெட்டி நல்லாருக்குன்னு சொன்னா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயேன். உன் தலையில இருந்து என்ன கிரீடமா கீழ விழப் போகுது?"

"நல்லா இல்லாட்டி?"

"நல்லா இல்லாட்டியும்."

அவள் சீப்பைப் பிடுங்கித் தானே வாரிக்கொண்டாள்.

இங்கே என் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பஜாரில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியின் லேபரட்டரியில் இருக்கிறேன். மிளகு, ஏலம், இஞ்சி எதுவாக இருந்தாலும் சரக்கு கப்பல் ஏறும் முன் எங்கள் பேனல், அதாவது ருசி பார்க்கிற குழு, அதை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு வரும்போது தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது, வாசனை சோப்பு கூடாது. கல்யாணமான புதிதில், இவளுக்கு என்ன, துக்க வீட்டுக்குப் போகிற மாதிரியே வேலைக்குப் போகிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

பேனலில் ருசி பார்க்கிறவர் ஒரு பக்கம், சரக்கைத் தண்ணீரில் கலக்கிக் கப்பில் ஊற்றிக் கொடுக்கிறவர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு மறைப்பு. ஊற்றுகிறவர் முகத்தைப் பார்த்தே எது எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அந்த மறைப்பு. மூன்று கப் வரும், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். நான் பல வருஷங்களாக ஊற்றுகிற பக்கம். எந்தக் கப்பில் எது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் ரிசல்ட் வாசிக்கிறவரின் காதில் சொல்வேன், அவர் சபையில் வாசிப்பார். அவர் தப்பாக வாசித்தால் மட்டும் நான் வாயைத் திறக்கலாம். திறக்கலாம் என்ன, திறந்தே ஆக வேண்டும். ஒரு முறை எங்கள் மானேஜர் அவசரத்தில் மாற்றி வாசித்தபோது, வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, மறைப்புக்குப் பின்னாலிருந்து "தப்பு சார்" என்று கத்தியிருக்கிறேன். அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினார்.

சரி, பையனுக்கு வருவோம். வந்தான், உட்கார்ந்தான், சாயா குடித்தான். பையிலிருந்து பெட்டியை எடுத்து, லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு ஒரு சின்ன வயர், பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு நீள வயர் என்று செருகினான். என் மகளுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைப் போட்டான். பாட்டு ஹால் முழுக்க நிறைந்தது.

"ஆஹா, என்னவொரு தெளிவு!" என்றாள் அவன் அம்மா.

"கொள்ளாம்," என்றார் என் வீட்டுக்காரர். மலையாளத்தில் பரவாயில்லை, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் அரிசி மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறார். அரிசி எப்படி என்றாலும் கொள்ளாம், சாம்பார் எப்படி என்றாலும் கொள்ளாம், நான் எப்படி என்று யாராவது கேட்டாலும் கொள்ளாம் என்றுதான் சொல்வார்.

நான் மகளை முறைத்தேன். அவள் பொறுத்துப் பார்த்தாள், நிஜமாகவே பொறுத்துப் பார்த்தாள். பாட்டில் ஒரு சரணம் முடிகிறவரை பொறுத்தாள்.

"சத்தம் கூடியிருக்கு," என்றாள். "அதனால நல்லா இருக்கற மாதிரி தோணுது. வேற ஒண்ணும் இல்ல."

போச்சு என்று நினைத்தேன்.

"அது மட்டும் இல்ல," என்று பையன் பொறுமையாகச் சொன்னான். "பாடறவங்க மூச்சு எடுக்கறது கூடக் கேக்குது பாருங்க."

"அது முன்னயும் கேக்கும். இந்த ஸ்பீக்கருக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லியா? உங்க பெட்டி எண்ணைச் சத்தமாக்கி அனுப்புது. ஸ்பீக்கர் அதை வாங்கி மறுபடியும் எண்ணாக்கிக்குது, தனக்கு வேண்டிய மாதிரி சரி பண்ணுது, திரும்பவும் சத்தமாக்குது. நீங்க எவ்வளவு நல்ல பெட்டி வெச்சாலும் கடைசியில கேக்கறது ஸ்பீக்கருக்குள்ள இருக்கற டாக்தான்."

எனக்கு இது விளங்கியது. சோற்றைத் திரும்ப அரிசியாக்கி மறுபடி வேக வைக்கிற சங்கதி. முதலில் யார் நன்றாக வேக வைத்தால் என்ன? விளங்கியதை நான் வெளியே சொல்லவில்லை. பையனின் அம்மா முகம் அதற்குள் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"எங்க மோனுக்கு சின்ன வயசுலேர்ந்தே காது பயங்கர ஷார்ப்பாக்கும்," என்றாள்.

"காது ஷார்ப்பா இருக்கறதும் இதுவும்..." என்று என் மகள் ஆரம்பித்தாள். நான் நேந்திரம்பழச் சீப்பை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினேன். யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், தன் வாழ்நாளில் முதல் முறையாக, கொள்ளாம் என்பதற்கு மேல் ஒரு யோசனை சொன்னார். "எதுக்குத் தர்க்கம்? இவ அம்மா ஆபீஸ்ல பண்ற மாதிரி மறைச்சு வெச்சுப் பாத்துட்டாப் போச்சே."

அவரை நான் என்ன செய்வது? முப்பத்தைந்து வருஷம் வாயைத் திறக்காத மனிதர் திறப்பதற்கு இதுவா நேரம்! ஆனால் பையன் குழந்தை மாதிரி எழுந்து நின்றுவிட்டான். "சூப்பர் அங்கிள். எனக்கும் அது தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க வீட்டுல மாத்திக் கொடுக்க ஆளில்ல."

ஹாலை ஒட்டிய படுக்கையறை வாசலில் ஒரு திரை தொங்கும். லேப்டாப்பும் பெட்டியும் அந்தப் பக்கம் கட்டிலுக்குப் போயின. நீள வயர் திரைக்கு அடியில் ஹாலுக்கு வந்தது. பையனே எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோய் வைத்தான். "ஆன்ட்டி, ஸ்பீக்கர் வயரை லேப்டாப்ல குத்தினா லேப்டாப். பெட்டியில குத்தினா பெட்டி. அது மதி, அவ்வளவு போதும்" என்றான். என் மகள் ஹாலில் இருந்தபடியே, "வயரைப் பிடுங்கறதுக்கு முன்னாடி சத்தத்தைக் குறைச்சுக்கோம்மா, இல்லாட்டி டப்புன்னு அடிக்கும்" என்று குரல் கொடுத்தாள். நாலு தடவை அதே பாட்டு என்று முடிவாயிற்று. ஒவ்வொரு தடவையும் பையன் பெட்டியா லேப்டாப்பா என்று சொல்ல வேண்டும். என் மகள் கேட்டு வைத்துக்கொண்டு, கடைசியில் என்னிடம் விடையை வாங்கி வாசிக்க வேண்டும்.

நான் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்ததும் எனக்கு ஆபீசில் உட்கார்ந்த மாதிரியே ஆகிவிட்டது. பேனலுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் முதல் நாள் நாங்கள் ஒரு வேலை செய்வோம். எல்லாக் கப்பிலும் ஒரே சரக்கை ஊற்றிக் கொடுப்போம். சிலர் முகர்ந்து பார்த்து, இதில் மண்வாசனை, அதில் எலுமிச்சை வாசனை என்று ஜோடிப்பார்கள். அவர்களை அனுப்பிவிடுவோம். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்று அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறவர்களைத்தான் வைத்துக்கொள்வோம்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். என் மகளுக்குப் பெட்டி முக்கியமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு மனுஷன் வேண்டும். இவன் மட்டும் ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரியலை என்று சொல்லிவிட்டால், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அவன் அப்படிச் சொல்வான் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அதனால் பெட்டிப் பக்கம் நான் திரும்பவே இல்லை. சத்தத்தைக் குறைத்தேன், வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன், அதே ஓட்டையில் திரும்பக் குத்தினேன், சத்தத்தைக் கூட்டினேன். நாலு தடவையும் அதேதான்.

"பெட்டி," என்றான் பையன் முதல் தடவை. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

அடப்பாவி, அவசரப்படாதேடா என்று நான் கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

"லேப்டாப். நல்லா வித்தியாசம் தெரியறது," என்றான் இரண்டாவது தடவை. அவன் அம்மா ஆஹா என்று ரசித்தது திரையைத் தாண்டிக் கேட்டது.

மூன்றாவது தடவை பெட்டி. நாலாவது தடவை பாட்டு முடிந்து என் மகள் கேட்டும் ரொம்ப நேரம் அவன் குரல் வரவில்லை. தெரியலை என்று சொல்லு, சாமி, தெரியலை என்று சொல்லு என்று நான் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "லேப்டாப்" என்றான். தேங்காய் என்று நம்பினேன், வெறும் சிரட்டைதான்.

என் மகள் திரையை விலக்கி உள்ளே தலை நீட்டினாள். அவள் காதில் சொன்னேன். "நாலும் லேப்டாப். பெட்டியை நான் தொடவே இல்ல."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை வெளியே எடுத்துக்கொண்டாள். திரை மூடிக்கொண்டது.

"நாலும் சரி," என்றாள் ஹாலில்.

அந்தக் குரலை நான் என்னவென்று சொல்வேன்! இவ்வளவு மெதுவாக, இவ்வளவு இதமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக நான் கும்பிட்டுக் கேட்ட குரல். அது வந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காலையில் தலை வாரும்போது நான் நச்சரித்ததால், என் பெண் ஒரு பொய்யை விழுங்கிவிட்டாள். இனி ஆயுசு முழுக்க அந்த ஃபிளாட்டில் உட்கார்ந்து, அந்த அம்மாள் வைக்கிற சாம்பாருக்கும் இவன் வாங்குகிற பெட்டிகளுக்கும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இதை எல்லாம் நான் யோசித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன் என்று சொன்னால் அது பொய். ரிசல்ட் தப்பாக வாசிக்கப்பட்டது என் காதில் விழுந்தது, என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தப்பு!" என்று கத்தினேன். "ரிசல்ட் தப்பு!"

திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். வந்த வேகத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "நாலு தடவையும் லேப்டாப்தான். அந்தப் பெட்டியை நான் தொடவே இல்ல."

பையன் என்னைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் அம்மா எழுந்துவிட்டாள்.

"ஓ. ஒண்ணுமே மாத்தாம எங்க மோனை உக்கார வெச்சு வேடிக்கை பாத்தீங்க, இல்லியா? அம்மாவும் மோளும் முன்னாடியே பேசி வெச்சதா இது?"

"ஐயோ, அப்படி இல்லைங்க," என்றேன். ஆனால் எப்படி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இது எங்கள் ஆபீஸ் வழக்கம் என்று சொல்ல ஆரம்பித்தேன், அது இன்னும் மோசமாகப் போனது. அந்த அம்மாள் வாசலுக்கே போய்விட்டாள். பையன் கட்டிலிலிருந்து பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் அங்கிள்" என்று என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவர் பழக்கதோஷத்தில் தலையாட்டினார்.

என் மகள் நீள வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போகட்டும் விடுடி," என்றேன். "எனக்காக நீ அப்படி ஒரு பொய் சொல்ல வேண்டா. காலையில நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீ நீயாவே இரு. கல்யாணம் ஆகாட்டிப் போகுது."

இதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட நேரம் அது.

"உனக்காகவா?" என்றாள்.

"பின்ன?"

"உனக்காக நான் என்னிக்கும்மா பொய் சொல்லியிருக்கேன்?" வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள். "நீ உள்ள இருந்தே. உனக்கு ஒண்ணும் தெரியாது. மூணாவது தடவை பாட்டு வரும்போது அப்பா ஓரமா உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, அவர் எழுந்து அப்பாவை நடுவுல உக்கார வெச்சார். நடுவுல இருந்தாத்தான் ரெண்டு ஸ்பீக்கரும் சமமாக் கேக்கும். தன்னைத்தான் பரீட்சை வெக்கறாங்கன்னு மறந்தே போச்சு அவருக்கு. நாலாவது தடவை கண்ணை மூடிட்டார். பாட்டுக்குள்ள போயிட்டார். நான் ரெண்டு தடவை கேட்டப்புறம்தான் முழிச்சுக்கிட்டு, என்ன சொல்றதுன்னு தெரியாம லேப்டாப்புன்னார். சரியா தப்பான்னெல்லாம் எனக்கு அப்போ தோணலம்மா. எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு. இப்படி ஒருத்தர் வீட்டுல உக்காந்து பாட்டுக் கேட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. அதுக்காகச் சொன்னேன். என் வாழ்க்கையில ஒரே ஒரு பொய். அதையும் நீ வந்து திருத்திட்டே."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் சின்ன வயதில்கூட அப்படி அழுததில்லை. ஊற்றுகிறவள் முகம் தெரியக்கூடாது என்பதற்காகப் போட்ட மறைப்பில் ருசி பார்க்கிறவன் முகம் எனக்குத் தெரியாமல் போனதை இத்தனை வருஷத்தில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதற்குச் சம்பளம் வாங்குகிறேனே ஒழிய நினைத்துப் பார்த்ததில்லை. என்னை ஓங்கி ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"நீயே போன் பண்ணு," என்றார் என் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. அன்றைக்கு அவர் ஒரு முடிவோடுதான் இருந்தார்.

அவர்கள் காக்கநாடு போய்ச் சேரட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் விளக்கு வைத்ததும் போன் செய்தேன். அந்த அம்மாள்தான் எடுத்தாள். "ம்" என்றாள்.

"ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சுங்க," என்றேன். "படபடப்புல நான்தான் உளறிட்டேன். வயரை மாத்தித்தான் குத்தியிருக்கேன். வரிசை எனக்கு மறந்துபோச்சு. இப்போ யோசிச்சுப் பாக்கறப்ப, உங்க மோன் சொன்னதுதான் சரி. பெட்டி, லேப்டாப், பெட்டி, லேப்டாப். என் மோள் சரியாத்தான் வாசிச்சிருக்கா."

இத்தனை வருஷ சர்வீசில் ஒரு கப்பைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

"அதானே பாத்தேன்," என்றாள் அந்த அம்மாள். குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "அவனுக்குத் தப்பாதுன்னு எனக்குத் தெரியும். வயசாச்சில்லியா, நமக்கெல்லாம் மறதி வரத்தான் செய்யும். இருங்க, அவன்கிட்ட கொடுக்கறேன். அவனும் கேட்டா சந்தோஷப்படுவான்."

பையன் போனை வாங்கினான். அவனிடமும் அதையே ஒப்பித்தேன். இரண்டாவது முறை இன்னும் மோசமாக வந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நடக்கிற சத்தமும், ஒரு கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

"ஆன்ட்டி," என்றான் மெதுவாக. "லேப்டாப்பையும் பெட்டியையும் சேர்க்கற சின்ன வயர் என் பையில இருக்கு. கழட்டினப்ப வழக்கம்போல சுருட்டி உள்ள போட்டுட்டேன். உங்ககிட்ட கொடுக்கவே இல்ல. இங்க வந்து பையைத் திறந்தப்பத்தான் பாத்தேன். அது இல்லாம பெட்டிக்கு உயிரே வராது."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்போ நான் கேட்டது நாலும் லேப்டாப்தான்," என்றான். "எனக்கு நல்ல தெளிவா இருந்துச்சு." பிறகு சிரித்தான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. "நீங்க என்கிட்ட பொய் சொல்லக் கஷ்டப்பட வேண்டா ஆன்ட்டி. உங்களுக்கு அது வரல. எனக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் தெரியணும். அவங்க உள்ள தலையை நீட்டினப்ப, நீங்க அவங்ககிட்ட நெஜத்தைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மோனே."

"அப்போ அவங்க வெளிய வந்து நாலும் சரின்னு சொன்னது..."

"அதை அவகிட்டயே கேளு," என்று போனை மகளிடம் நீட்டினேன். அவள் முகம் கழுவிவிட்டு வந்து நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. போனைக் காதில் வைத்தாள். அவன் என்ன கேட்டானோ, ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். நடுவில் திருத்தவில்லை, குறுக்கே பேசவில்லை.

"ஆமா," என்றாள். "தெரிஞ்சேதான் சொன்னேன்."